ஊசி நோட்டும் நாற்பத்தெட்டாவது பேட்டரியும்

ஊத்துக்குளி ரோட்டில் இரண்டு குடோன். கழிவுத் துணியை அமுக்கிப் பேலாகக் கட்டுகிற ஒரு பேலிங் பிரஸ். மூன்று லாரி. நாற்பது பேருக்கு வருஷம் முழுக்க வேலை. பனியன் வேஸ்ட் எடுக்கிறவன் கையில் எலக்ட்ரானிக் கழிவு சேகரிப்பதற்கான அனுமதி. இத்தனையும் நான் உண்டாக்கியவை. குண்டடத்துக்குத் தெற்கே, மழை பெய்தால் விதைப்பு, பெய்யாவிட்டால் பட்டினி என்கிற காட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு நின்று, மாற்றுச் சட்டை இல்லாமல் திருப்பூரில் இறங்கியவன் உண்டாக்கியவை. எனக்கு ஜாமீன் நின்றவர் ஒருவரும் இல்லை. இந்த ஊரில் கட்டிங் வேஸ்ட்டைக் கலர் வாரியாகப் பிரித்துப் பேல் போட்டு, ஒவ்வொரு பேலுக்கும் நம்பர் எழுதி அனுப்பியவர்களில் நான் முதல் வரிசை. அதற்கு முன் எல்லோரும் கலந்து கட்டி அனுப்பினார்கள். இப்போது அப்படிச் செய்கிறவர்கள் என் குடோனுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்தான்.

எலக்ட்ரானிக் கழிவு அனுமதிக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆபீசுக்குப் பதினேழு நடை நடந்தேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு நாள் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க பனியன் வேஸ்ட்டுக்காரரு. இது வேற சமாச்சாரமுங்க. லித்தியம்னா என்னன்னு தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. தீப்பிடிக்கும்னு தெரியும். என்ற குடோன்ல இருக்கறது பூராப் பஞ்சுங்க. உங்களைவிட நாந்தான் அதுக்குப் பயப்படோணும்."

அவர் விண்ணப்பத்தை வாங்கி உள்ளே வைத்தார். அந்தப் பதில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற நீங்கள் படித்தவர்கள். சட்டத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வீர்கள். கம்ப்யூட்டரில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். அதில் எனக்குப் பெருமையான பங்கும் உண்டு, பெருமையில்லாத பங்கும் உண்டு.

1. ஊசி நோட்டு

வேஸ்ட் தொழிலுக்கு வருமுன் நான் ஓவர்லாக் டெய்லர். கை வேகம் என்றால் என் கை வேகம். முப்பது வருஷத்துக்கு முன்னால், நான் இருந்த கம்பெனிக்குக் கைக்குழந்தைகள் உடுப்பு ஆர்டர் வந்தது. வெளிநாட்டு பையர் ஒரு சட்டம் கொண்டுவந்தான். மெஷினில் ஊசி உடைந்தால் அத்தனை துண்டும் கிடைக்க வேண்டும். துண்டுகளை வரிசையாக வைத்து ஊசி முழுசாகிறதா என்று பார்த்து, நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் பெயர், லைன், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு முனை காணவில்லை என்றால் அந்த மெஷினைச் சுற்றியுள்ள துணியெல்லாம் பெட்டியில் போட்டு ஓரம் கட்டிவிடுவார்கள். லைன் நிற்கும். நிற்க வைத்தவன் எல்லோர் வாயிலும் விழுவான்.

ஒரு நாள் என் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. தரையில் தேடினேன், மெஷினுக்கு அடியில் காந்தம் விட்டுப் பார்த்தேன், இல்லை. சட்டைக் காலரில் எப்போதும் ஒரு ஊசி குத்தி வைத்திருப்பேன். அதை எடுத்து, குனிந்து, முனையை மட்டும் உடைத்தேன். அந்த முனையை என் உடைந்த ஊசியோடு சேர்த்துக் கொண்டுபோய் ஒட்டினேன். பொருத்தமாக இருந்தது. புது ஊசி கொடுத்தார்கள். நான் மட்டும் செய்த காரியம் இல்லை. அன்றைக்குப் பாதி டெய்லர்கள் செய்ததுதான். ஆனால் நான் செய்ததைத்தான் நான் எழுத முடியும்.

இரண்டு நாள் கழித்துப் பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்து மடிப்புக்குள் என் முனை இருந்தது. அந்தக் கழுத்துக்கு ரிப் என்கிற வரிப் பின்னல் பட்டை வைத்தவர் என் பக்கத்து மெஷின் காளியம்மாள். அவர் பெயரில் நோட்டில் எழுத்து எதுவும் இல்லை. ஊசி உடைந்ததை மறைத்துவிட்டாய் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"என்ற மிஷின்ல ஊசி ஒடையவே இல்லீங்களே" என்று மட்டும்தான் சொன்னார். சொல்லிவிட்டு லைன் முழுவதையும் ஒரு முறை பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்தச் சட்டை வெளியே போகவில்லை, எந்தக் குழந்தைக்கும் குத்தவில்லை. அதைச் சொல்லி என்னை நானே பல வருஷம் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

2. ஹெட்செட் வந்த வழி

எங்களுக்குக் கட்டிங் வேஸ்ட் கொடுக்கும் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில், சில வருஷத்துக்கு முன்பு லைன் சூப்பர்வைசர்களுக்கும் பேக்கிங் ஆட்களுக்கும் ஒயர்லெஸ் ஹெட்செட் கொடுத்தார்கள். நூறு மெஷின் ஓடுகிற இடத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டினவர்களுக்கு அது பெரிய உதவி. தலையில் மாட்டுகிற வளை, இரண்டு காது, வாய்க்கு நேரே மைக். வலது காதுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு லித்தியம் பேட்டரி. மூடியைக் கட்டை விரலால் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும்.

இந்த வருஷம் புது செட் வாங்கினார்கள். பழையது நாற்பத்தெட்டு. அதைக் குப்பையில் போடக் கூடாது, சாதாரணப் பழைய சாமான் கடைக்குக் கொடுக்கக் கூடாது, வருஷக்கணக்கில் அலமாரியில் பூட்டியும் வைக்கக் கூடாது. பேட்டரிக்குத் தனிச் சட்டம், சாமானுக்குத் தனிச் சட்டம். அந்தக் கம்பெனியில் எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று கவனிக்கிற கம்ப்ளையன்ஸ் வேலை பார்ப்பவர் ஜெபசெல்வி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். என்னிடம் நேரில் வந்தார்.

"அண்ணாச்சி, பெட்டில ஒயர்லெஸ் அனுமதி நம்பரு, எறக்குமதி செஞ்சவம் பேரு எல்லாம் இருக்கு. அவந்தான் திரும்ப எடுக்கணும். போன் போட்டா யாரும் எடுக்க மாட்டேங்காவ. கடையே இல்லையாம். அதான் உங்ககிட்ட வந்தேன்."

"எத்தனைங்க?"

"நாப்பத்தெட்டு செட்டு, நாப்பத்தெட்டு பேட்டரி. அடுத்த வாரம் ஆடிட் இருக்கு. ஆடிட்டருக்குப் பேப்பர் போதும். எனக்குப் பேப்பர் போதாது, அண்ணாச்சி. எங்க போச்சுன்னு தெரியணும்."

"பேப்பர்ல கையெழுத்துப் போடறவன் நானுங்க அம்மிணி. எண்ணிப் பாக்காமப் போட மாட்டேன்" என்றேன்.

படித்தவர்களில் இப்படிப் பேசுகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அவருக்கும் என் மேல் வந்திருக்கும்.

3. முப்பத்தொன்றாம் நம்பர்

ஆடிட் அன்று காலை பத்து மணிக்குப் பெட்டிகள் வந்தன. படிவம் இங்கிலீஷ். என் மருமகள் படித்துச் சொல்ல, நான் மேஜை மேல் ஒவ்வொரு ஹெட்செட்டாக வைத்தேன். பேட்டரியை வெளியே எடுத்து, அதன் மின் முனைகள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் படுக்க வைப்பது என் முறை. மறுசுழற்சி ஆலைக்கு அப்படித்தான் போகும். எங்கள் குடோனில் துணியைக் கலர் பிரிக்கிற சார்ட்டிங் பெண்களுக்குத் தலைமையாக இருக்கும் மும்தாஜ் டேப் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக என்னோடு இருப்பவர். துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, அது எந்த நூல் என்று சொல்கிற கை.

முப்பத்தொன்றாம் நம்பர் செட் மூடி திறக்கவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தது. கத்தி முனையால் நெம்பினேன். உள்ளே பேட்டரி இல்லை. கடுகு மஞ்சள் கலரில் ரிப் துணி ஒன்று, நாலாக மடித்து, பிசிறு தெரியாமல் பேட்டரி கனத்துக்குச் சரியாக வைத்திருந்தது. ஆட்டினால் சத்தம் வராது. மூடி உள்ளேயிருந்து தள்ளின மாதிரி வெளியே பிதுங்கி வளைந்திருந்தது. பேட்டரி உப்பியிருக்கிறது. உப்பின பேட்டரியை யாரோ பிடுங்கி எடுத்துவிட்டு, கணக்குக்கு முழு செட்டாகத் தெரியத் துணி வைத்திருக்கிறார்கள்.

வேறு யாராவது பார்த்திருந்தால் துணியை வீசிவிட்டு, ஒன்று குறைகிறது என்று எழுதியிருப்பார்கள். நான் வீசவில்லை. அந்த மடிப்பை எனக்குத் தெரியும். காலரிலிருந்து ஊசியை எடுத்து முனையை உடைத்து ஒட்டியவனுக்கு அது தெரியாமல் போகாது.

"மும்தாஜு, இந்தக் கலர் எப்ப வந்துச்சு?"

அவர் வாங்கித் தொட்டார். "போன வாரமுங்கண்ணா. அவங்க ஆறாவது லைன் ஆர்டரு. மஞ்ச பேல் ஆறு போட்டம். இன்னைக்குக் காத்தால லாரில ஏத்தியாச்சு. குன்னத்தூர் மில்லுக்கு."

மீதிப் பதினேழு செட்டையும் திறந்து பார்த்தோம், எல்லாவற்றிலும் பேட்டரி இருந்தது. காணாமல் போன ஒன்று அந்த மஞ்சள் பேல்களில் இருக்கிறதா என்று எனக்கு அப்போது தெரியாது. ஜெபசெல்விக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. அவரிடமிருந்து போனை வாங்கி அந்தக் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் ஜி.எம். பேசினார்.

"சென்னியப்பண்ணா, மத்தியானம் ஆடிட்டருங்க வந்துருவாங்க. நாப்பத்தெட்டுன்னு போட்டு அனுப்பிருங்க. ஒரு பேட்டரிங்க. எங்காச்சும் குப்பைல கெடக்கும்."

"உங்க குப்பை எங்கிட்டத்தானுங்க வருது."

"சரி, செஞ்சவன் எவன்னு கூப்பிட்டு ரெண்டு உடறேன். நீங்க கையெழுத்தைப் போடுங்க."

"எவன்னு கேக்காதீங்க. கேட்டா அவன் வாயத் தொறக்க மாட்டான். எங்கன்னு மட்டும் கேக்கோணும். ஆறாவது லைன் சூப்பர்வைசரக் கூப்பிட்டுப் போனக் குடுங்க. நான் கேக்கறேன்."

ஜி.எம்.முக்குக் கோபம். ஆனாலும் ஜெபசெல்வி அந்த ஆளைக் கூட்டிவந்துவிட்டார். அவரை இங்கே முருகேசன் என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் அது இல்லை. காரணம் அடுத்த வரியில் இருக்கிறது.

"முருகேசா, நான் வேஸ்ட்டு சென்னியப்பன். உன்ற பேர நான் எங்கியும் எழுத மாட்டேன். பேட்டரி எங்க கண்ணு?"

பின்னால் ஓவர்லாக் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சும்மா இருந்தேன். எனக்கு அப்படிச் சும்மா இருப்பது பழக்கமில்லாத வேலை.

"உப்பிப்போச்சுங்க" என்றார் கடைசியில். "மூடி சாத்த முடியல. கையில சுட்டுதுங்க. ரிப்புத் துணில சுத்தி முடிச்சுப் போட்டு வேஸ்ட்டு மூட்டைக்குள்ள உட்டுட்டனுங்க. ஒண்ணு கொறஞ்சா ஏன்னு நோட்டீஸ் குடுப்பாங்கன்னு..."

"எந்த மூட்ட கண்ணு?"

"மஞ்ச ஆர்டர் ஓடுனதுங்க. போன வெசாழக்கெழம."

போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மும்தாஜ் டேப்பைக் கீழே வைத்தார். கட்டிங்கிலிருந்து வரும் ரிப் ஓரங்களை அங்கேயே கட்டி முடிச்சாகப் போடுவார்கள். சார்ட்டிங்கில் கலர் பார்ப்போம், முடிச்சைப் பிரிக்க மாட்டோம். இது இந்த ஊர் முழுக்க உள்ள பழக்கம்.

"முடிச்சு ரிப்பு நாங்க பிரிக்கறதில்லீங்களேண்ணா" என்றார். அவர் என்னிடம் சாக்குச் சொல்லவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

4. மில்

எங்கள் மஞ்சள் பேலை வாங்குகிறவர் அதை வைத்துத் திரும்ப நூல் ஆக்குகிறார். முதல் வேலை, துணியைப் பஞ்சாகக் கிழிப்பது. ஆயிரக்கணக்கில் பல் வைத்த இரும்பு உருளை சுற்றும். பெல்ட் மேல் போடுகிற துணி அதற்குள் போய்ப் பஞ்சாக வெளியே பறக்கும். அந்தப் பல்லில் ஒரு ஸ்குரூ பட்டாலே பொறி பறக்கும். உப்பின லித்தியம் பேட்டரி பட்டால் என்ன ஆகும் என்று வாரியத்து அதிகாரியிடம் நான் சொன்ன பதிலிலேயே இருக்கிறது.

மில்லுக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தோம். மில் சத்தத்தில் எடுக்கவில்லை. மும்தாஜும் இன்னும் மூன்று பெண்களும் மணல் டப்பாவோடு என் காரில் ஏறினார்கள். குன்னத்தூர் ரோட்டில் அவ்வளவு வேகமாக நான் வண்டி ஓட்டியதில்லை. எங்கள் லாரி காலியாகி எதிரே வந்தது. டிரைவர் கை காட்டினான். நான் காட்டவில்லை.

மில்லுக்குள் போனபோது, கிழிக்கிற ரூமில் ஒரு மஞ்சள் பேலின் கட்டு அறுத்து, பாதி பெல்ட் மேல் கிடந்தது. உருளை சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு பேர் வேலையில் இருந்தார்கள், எல்லோரும் வடக்கத்திப் பிள்ளைகள். கூரையிலிருந்து பஞ்சு தொங்கியது. அந்த ரூமுக்கு ஒரே வாசல். அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

"பந்த் கரோ" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். மெஷினை நிறுத்தினார்கள்.

மில்லுக்காரர் ஓடி வந்தார். என் வயசுக்காரர், பழைய சிநேகம்.

"என்னுங்க சென்னியப்பா, உங்க வேஸ்ட்ட நீங்களே வந்து தேடறீங்க? ஊட்டுக்கார அம்மா தாலிக்கொடி கிது உட்டுட்டாங்களா?"

"பேட்டரிங்க. முடிச்சுக்குள்ள இருக்குது. ஆறு பேலையும் வெளிய களத்துல போட்டுப் பிரிக்கோணும். ஆளுக எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

"பேட்டரிக்கு மில்ல நிறுத்தறதா? மிஷினு நின்னா என்ற பாடு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. நிறுத்துங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. அதுவே நாற்பது வருஷச் சிநேகத்துக்கு நான் போட்ட முதலில் கிடைத்த லாபம்.

களத்தில் மும்தாஜ்தான் முதலாளி. "பேல உருட்டாதீங்க. அடுக்கடுக்காத் தூக்குங்க. முடிச்ச மட்டும் எடுத்து இப்படி வைங்க. வீசாதீங்க, அமுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெயிலில் உட்கார்ந்தார். முதலில் பெல்ட் மேல் இருந்ததைப் பிரித்தோம். இல்லை. கட்டு அறுத்த பேலின் மீதியைப் பிரித்தோம். இல்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. முடிச்சுகள் மலையாகக் குவிந்தன. ஜெபசெல்வியின் போன் வந்தது.

"அண்ணாச்சி, ஆடிட்டர் வந்துட்டாவ. ஜி.எம். பேப்பர் கேக்காரு. நான் என்ன சொல்லட்டும்?"

"இருக்கறதச் சொல்லுங்க அம்மிணி. நாப்பத்தேழுன்னு சொல்லுங்க. ஒண்ணத் தேடிட்டு இருக்கறம்னு சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என்னைய வேலைய விட்டுத் தூக்கினா உங்க குடோன்ல ஒரு எடம் வையுங்க" என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இருந்தது. விளையாட்டில்லை.

ஐந்தாவது பேலில் மும்தாஜ் கை நின்றது.

"அண்ணா, இது கனக்குது."

முடிச்சைப் பிரிக்காமல், இரண்டு கையாலும் ஏந்தி, முட்டை கொண்டுபோவது போல நடந்து வந்து மணல் டப்பாவில் வைத்தார். நான் நுனியை மட்டும் விலக்கிப் பார்த்தேன். பேட்டரிதான். பணியாரம் மாதிரி உப்பி, பிரஸ் அழுத்தியதில் ஓரம் மடிந்திருந்தது. என் குடோன் பிரஸ். அது அங்கேயே வெடிக்காமல் போனதற்கு நான் பொறுப்பில்லை. சுற்றி இருந்த துணிதான் காப்பாற்றியது. மணலை மேலே அள்ளிப் போட்டு, டப்பாவைக் களத்தின் கோடியில், மரம் மட்டை எதுவும் இல்லாத இடத்தில் வைத்தோம்.

மில்லுக்காரர் எட்டிப் பார்த்தார். "இத்தனூண்டுங்களா? இதுக்கா எம்பட மில்லு ஒரு ஷிப்ட்டு நின்னுது?"

டீ வாங்கி வரச் சொன்னார். கொடுத்தார்கள். பாதி டம்ளர் குடித்திருப்போம். டப்பாவிலிருந்து முதலில் ஒரு சீறல் கேட்டது. அப்புறம் மணலைத் துளைத்துக்கொண்டு வெள்ளையாகப் புகை. நெடி மூக்கைச் சுட்டது. மணல் அடங்க ரொம்ப நேரம் ஆனது. அந்த ஆறு பிள்ளைகளும் சுவரோடு நின்று பார்த்தார்கள். ஒருத்தன் திரும்பி, கிழிக்கிற ரூமின் வாசலைப் பார்த்தான். ஒரே வாசல்.

மில்லுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். மறு மாதமே அந்த ரூமுக்கு இரண்டாவது வாசல் உடைத்தார். அதையும் நான் சொல்லித்தான் செய்தார் என்பது என் எண்ணம்.

5. ஜி.எம். ரூமில்

ஆடிட்டருக்கு ஜெபசெல்வி இருப்பதை இருந்தபடி சொன்னார். நாற்பத்தேழு பேட்டரி நல்லபடி பெற்றது, ஒன்று சேதமானது, தனியாக மணலில் வைத்தது என்று நான் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டர் அதை இரண்டு முறை படித்தார் என்று ஜெபசெல்வி சொன்னார். குறை எழுதவில்லை. ஆனால் மறுநாள் ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். ரூமில் ஜெபசெல்வியும் முருகேசனும் நின்றிருந்தார்கள். முருகேசனின் கணக்கை முடித்து அனுப்பும் லெட்டர் மேஜை மேல் இருந்தது.

"அண்ணா, நீங்க பெரிய காரியம் பண்ணீட்டீங்க. இவன் பண்ணது மில்லையே கொளுத்தியிருக்கும். இவன வெச்சிருந்தா நாளைக்கு எவனும் பயப்பட மாட்டான்."

"பயந்துதானுங்க துணி வெச்சான்" என்றேன்.

"அதுக்கு?"

"அனுப்பிச்சீங்கன்னா அடுத்த பேட்டரி உப்பறப்ப எவனும் சொல்ல மாட்டான். இன்னும் நல்லா மடிச்சு வெப்பான்."

ஜி.எம். பேனாவை எடுத்தார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். முப்பது வருஷமாக என் வீட்டில்கூடச் சொல்லாதது. காலர் ஊசி, உடைத்த முனை, குழந்தைச் சட்டை, காளியம்மாள். எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"அன்னைக்கு என்ற சூப்பர்வைசரு, எவன்டா ஒடைச்சதுன்னு கத்துனாருங்க. முனை எங்கடா போச்சுன்னு கேட்டிருந்தா, தேடலாம் வாடான்னு கூப்பிட்டிருந்தா, நான் சொல்லியிருப்பேன். ஒரு பொம்பளையோட பொழப்புப் போயிருக்காதுங்க."

ஜி.எம். பேனாவைக் கீழே வைத்தார். "அதெல்லாம் இப்ப எதுக்குங்கண்ணா" என்றார் மெதுவாக. ஆனால் லெட்டரை மடித்து டிராயருக்குள் போட்டார். முருகேசன் இன்றைக்கும் ஆறாவது லைனில்தான் இருக்கிறார்.

அங்கேயே, அந்த மேஜையிலேயே, முறையைச் சொன்னேன். ஜெபசெல்வி எழுதினார். ஊசி நோட்டு மாதிரி ஹெட்செட்டுக்கு ஒரு நோட்டு. பழைய செட்டும் அதன் பேட்டரியும் மேஜைக்கு வந்து, மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் புது செட். பேட்டரி உப்பினாலோ சுட்டாலோ, தொலைந்தாலோ, வந்து சொல்கிறவருக்கு நோட்டீஸ் கிடையாது. அதே நிமிஷம் புது செட் கிடைக்கும். சொல்ல வருகிறவரிடம் கேட்கிற முதல் கேள்வி "எங்கே?" என்பது மட்டும். ஒவ்வொரு லைன் கோடியிலும் மணல் வாளி, மேலே மூடி. கட்டிங்கில் ரிப் முடிச்சுப் போடுவது நிறுத்தம். திறந்த மூட்டையில்தான் ரிப் வரும். என் குடோனில் பழைய முடிச்சு வந்தால் பிரிக்காமல் பிரஸ்ஸுக்குப் போகாது. இது முந்தின நாளே மும்தாஜ் என்னிடம் சொன்னது. அவர் பெயரில் எழுதச் சொன்னேன்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் கடுகு மஞ்சள் ரிப் துணியை, அதே நாலு மடிப்போடு, நானே செலோடேப் போட்டு ஒட்டினேன். பக்கத்தில் பெயர் எழுதவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன்.

6. என் பங்கு

இப்போது அந்த முறை நாலு கம்பெனியில் நடக்கிறது. பையர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான். சென்ற மாதம் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு, பெரிய திரையில் அதைக் காட்டினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு கன்சல்டன்ட், இதுவரை ஒரு ஊசிகூட உடைக்காத பிள்ளை, இங்கிலீஷில் விளக்கினான். திரையில் அந்த மஞ்சள் துணி இவ்வளவு பெரிசாகத் தெரிந்தது. கீழே கம்பெனி பெயர், கன்சல்டன்ட் பெயர் இருந்தன. கடைசியில் 'வேஸ்ட் வெண்டார் ஒத்துழைப்புடன்' என்று ஒரு வரி. கூட வந்திருந்த மருமகள் படித்துச் சொன்னாள். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். இரண்டு தடவையும் அதேதான்.

ஜெபசெல்வி எழுந்து, அந்த முறை யார் சொன்னது என்று சொல்லப் பார்த்தார். நேரம் ஆகிவிட்டது, சாப்பாடு தயார் என்றார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது மேலே சொல்லியாகிவிட்டது. குறைந்ததை மறைக்க மடிப்பு மடிக்காதீர்கள். மடித்தவனைக் கண்டால் எங்கே என்று முதலில் கேளுங்கள். பாக்கி இருப்பது கம்பெனிக்காரர்களுக்கு.

அந்த நோட்டின் அட்டையில் என் பெயர் வர வேண்டும். வெண்டார் என்று இல்லை. சென்னியப்பன் என்று, தமிழில், நான் படிக்கிற எழுத்தில். ஜெபசெல்வி பெயரும் மும்தாஜ் பெயரும் பக்கத்தில் வரட்டும், அவர்கள் பங்கை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். என் பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளவும் விட மாட்டேன். இதைக் கேட்டு மூன்று முறை நேரில் போனேன். வாரியத்துக்குப் பதினேழு நடை நடந்தவன் நான், இதற்கும் நடப்பேன்.

கௌரவத்துக்காக மட்டும் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஊசி நோட்டு எங்காவது ஒரு அலமாரியில் இருந்தால், அதில் என் பெயருக்கு எதிரே, என் மெஷினில் உடையாத முனை ஒன்று ஒட்டியிருக்கும். அந்தக் கையெழுத்தை இனி நான் அழிக்க முடியாது. இந்த நோட்டில் என் பெயரைப் போடுங்கள். காளியம்மாளோ அவர் பிள்ளைகளோ இன்றைக்கும் ஏதாவது ஒரு லைனில் வேலை செய்துகொண்டிருக்கலாம். அந்தப் பெயரைப் பார்த்தால் என்னைத் தேடி வந்து கேட்கட்டும். ஊத்துக்குளி ரோட்டில் இரண்டு குடோன் வைத்திருப்பவன் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.